புகைக்கூண்டின் அடியில் ஒரு ஜோடிச் செருப்பு

சாரத்தில் ஏறுகிறவன் செருப்புக் காலோடு ஏற மாட்டான். கோபுரமானாலும் சரி, தண்ணீர்த் தொட்டியானாலும் சரி, அடிக்கம்புக்குப் பக்கத்தில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடுதான் ஏறுவான். கம்பைக் கால்விரலால் பிடிக்க வேண்டும் அல்லவா. இறங்கி வந்ததும் முதல் காரியமாகத் தன் செருப்பில் காலை நுழைப்பான். தண்ணீர் குடிப்பது, முகம் கழுவுவது எல்லாம் அதற்கப்புறம்தான். வேலை முடிகிற நேரத்தில் மேஸ்திரி அண்ணாந்து பார்க்க மாட்டார், குனிந்து செருப்பைப் பார்ப்பார். ஒரு ஜோடி கிடந்தால் மேலே ஓர் ஆள் இருக்கிறான். இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. விடிந்ததும் வாசல் தெளிப்பதுபோல அது பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறது.

இன்னொரு வழக்கமும் உண்டு. மேலே நிற்கிறவனைக் கீழே இருந்து கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் குனிந்து பார்ப்பான், பிடித்த கை தளரும். சேதி சொல்ல வேண்டுமானால் ஒரு கல்லை எடுத்து நிற்கிற கம்பில் தட்டுவார்கள். சவுக்குக் கம்பு நன்றாகப் பேசும். மேலே அதைப் பிடித்திருக்கிறவனுடைய உள்ளங்கையில் அந்தத் தட்டு போய்ச் சேரும். ஆளுக்கு ஒரு தட்டு. எங்கள் வீட்டுக்காரருடையது இரண்டு வேகமாக, ஒன்று நிதானமாக. அவர் தட்டுகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

எனக்கு இதெல்லாம் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் நானும் அந்த வேலையில் இருந்தவள்தான். தேங்காய் நார்க் கயிற்றைத் தொட்டியில் ஊறப்போட்டு, ஊறினதை எடுத்துச் சுருட்டி மேலே அனுப்புகிற சித்தாள். ஊறின கயிறுதான் கம்பைக் கவ்விப் பிடிக்கும். நான் சுருட்டி அனுப்பிய கயிற்றில் சிக்கு இருக்காது என்று பார்த்துத்தான் அவர் என்னைக் கட்டினார். அப்படித்தான் அவர் சொல்லுவார், நானும் மறுத்ததில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருவில் வந்து சாரக்காரர் வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் கை காட்டும். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். பஸ் போர்டு வாசிப்பேன், கையெழுத்துப் போடுவேன். ஆனால் தூரத்தில் ஒரு சாரத்தைப் பார்த்தால், கட்டினவன் அவசரக்காரனா நிதானக்காரனா என்று சொல்லுவேன். அந்தப் பெருமையை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

எங்கள் மகனுக்கும் இதே வேலைதான். அப்பாவும் மகனும் ஒன்றாகப் போவார்கள், ஒன்றாக வருவார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சேத்தூர்ப் பக்கம் ஒரு தண்ணீர்த் தொட்டிக்குச் சாரம் கட்டினார்கள். மேலே நிற்கையில் இவருக்குக் கிறுகிறுவென்று வந்துவிட்டது. வாயைத் திறந்து சொல்லவில்லை. கம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி அப்படியே நின்றிருக்கிறார். மகன்தான் பார்த்துவிட்டு, பின்னால் அணைத்தாற்போல நின்று, ஒவ்வொரு காலாக எடுத்து வைக்கச் சொல்லி இறக்கினான். டாக்டர் சர்க்கரையும் இருக்கிறது, பிரஷரும் இருக்கிறது என்றார். எழுபதை நெருங்குகிறவருக்கு இரண்டும் இல்லாமல் இருந்தால்தான் அதிசயம்.

அன்றைக்கு நான் இலையில் சோற்றை வைத்துவிட்டுக் குழம்புச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

“சாரத்துல ரெண்டாம் பலகைத் தட்டுக்கு மேல கால் வைக்க மாட்டேன்னு சொல்லுங்க. சொன்னாத்தான் ஊத்துவேன்.”

அவர் சோற்றைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார். “என்ன கொழம்பு?” என்று கேட்டார்.

“கருவாடு.”

“சரி, வைக்கல.”

“வச்சீகன்னா வேலை நடக்கிற எடத்துக்கே வந்து நிப்பேன். அம்புட்டு ஆளும் பாக்க வச்சுத்தான் கேப்பேன்.”

“வந்து பாரு பிள்ள. ரெண்டாந் தட்டுல ஒக்காந்து வெத்தலைதான் போட்டுக்கிட்டிருப்பேன்.”

நானும் நம்பினேன். நம்பினேன் என்றால், தினமும் சாயங்காலம் மகனுடைய முகத்தைப் பார்ப்பேன். அவன் முகத்தைக் கொடுக்காமல் கைகால் கழுவப் போய்விடுவான். சரி, அப்பாவைக் காட்டிக்கொடுக்க மாட்டாமல் போகிறான் என்று தெரிந்தும் தெரியாததுபோல இருந்தேன். வீட்டுக்கு வந்து சேர்கிறார்களா, அது போதும் என்று ஒரு கணக்கு.

போன ஐப்பசியில் ராஜபாளையத்தில் ஒரு வேலை வந்தது. பேண்டேஜ் துணி வெளுக்கிற ஆலை. பாய்லருக்குப் பழைய செங்கல் புகைக்கூண்டு ஒன்று இருந்தது. இரண்டு தென்னை மரத்தை ஒன்றன் தலையில் ஒன்று நிறுத்தினால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு உயரம். உச்சியில் செங்கல் விரிசல் விட்டிருந்தது. அதைப் பூசி, இடிதாங்கியையும் புதிதாக மாட்ட வேண்டும். பழைய இடிதாங்கியைக் கழற்றிவிட்டார்கள், புதிது இன்னும் வரவில்லை. கூண்டைச் சுற்றி இரண்டாள் உயரத்துக்கு ஒரு பலகைத் தட்டாகச் சாரம் ஏறியிருந்தது. இதெல்லாம் ராத்திரிச் சோற்றுக்கு உட்காரும்போது அவர் சொன்னதுதான். தான் எந்தத் தட்டில் நிற்கிறேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அந்த வேலை நடந்துகொண்டிருந்த ஒரு நாள், ஆஸ்பத்திரியில் கண்ணைக் காட்டுவதற்காக நான் ராஜபாளையம் போயிருந்தேன். துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். எனக்கு எதற்குத் துணை என்று தனியாகத்தான் போனேன். சொட்டு மருந்து விட்டு, உட்காரவைத்து, விளக்கை அடித்துப் பார்த்தார்கள். வெளியே வந்தால் உலகமே பால் தெளித்ததுபோல இருக்கிறது. கிட்டத்தில் குனிந்து பார்த்தால் நிறம் தெரியும், தள்ளி நிற்பதெல்லாம் நிழலாட்டம். அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, ஆலைப் பக்கம் ஒரு எட்டுப் போனால் என்ன? இரண்டாம் தட்டில் வெற்றிலை போடுகிறவரைப் பார்த்துவிட்டு, மூன்று பேருமாக ஒரே பஸ்ஸில் திரும்பலாமே.

டவுன் பஸ்ஸில் ஏறி ஆலை நிறுத்தத்தில் இறங்கினேன். சாலையிலிருந்து ஆலை வாசல் செத்த தூரம்தான். ஆனால் மருந்து விட்ட கண்ணோடு நடப்பது என்ன நடை? புளிய மரத்தடியில் ஒரு தடவை நின்றேன், சைக்கிள் கடைக்காரரிடம் வழி கேட்டு ஒரு தடவை நின்றேன். மேற்கே மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. வாட்ச்மேனிடம் யார் என்று சொன்னதும் எழுந்து நின்று உள்ளே விட்டார்.

கூண்டுக்கு முன்பக்கம் ஆட்கள் நான்கு பேர் கலவை குழைத்துக்கொண்டு நின்றார்கள். எல்லாம் எங்கள் ஊர்ப் பையன்கள், குரலை வைத்தே தெரிந்துகொண்டேன். “வாங்க ஆச்சி” என்றார்கள். சொன்ன விதத்தில் ஒரு இழுப்பு இருந்தது. அதற்குள் மலைமேல் ஒரு இடி விழுந்தது. முதல் சொட்டும் விழுந்தது. பையன்கள் கலவைச் சட்டியைக் கொட்டகைக்குத் தூக்கினார்கள். மணலுக்குத் தார்ப்பாய் போர்த்திவிட்டு மகனும் கொட்டகைக்கு அப்பாலிருந்து வந்தான். வந்தவன் என்னைப் பார்க்கவில்லை. அடிக்கம்பைப் பார்த்தான்.

அங்கே ஒரு ஜோடிச் செருப்பு கிடந்தது. நானும் குனிந்து பார்த்தேன். டயர் அடி, கறுப்பு வார், இடது காலில் மட்டும் சிவப்பு வார். அது அறுந்தபோது கறுப்புக் கிடைக்கவில்லை என்று சிவப்பு வைத்துத் தைத்து வாங்கிக் கொடுத்தது நான்தான்.

“அப்பா எறங்கலையா?” என்று மகன் கேட்டான்.

கலவை கொண்டுவரச் சொல்லித் தங்களை அனுப்பிவிட்டு அவர் மட்டும் மேலே நின்றார் என்று பையன்களில் ஒருவன் சொன்னான். எந்தத் தட்டில் என்று நான் கேட்டேன். அவன் மேலே கையைக் காட்டினான்.

“ஏழாந் தட்டுல, ஆச்சி.”

கோபப்படுவதற்கு நேரமில்லை. மகனுக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் சேத்தூர்த் தொட்டிதான் நினைவுக்கு வந்திருக்கும். கூண்டின் பின்பக்கமாக எங்கேயோ கம்பைக் கட்டிப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார், குரல் கொடுக்க மாட்டார், கொடுக்கவும் முடியாது. மேலே இடிதாங்கியும் இல்லை. மகன் ஆணியில் தொங்கிய பெல்ட்டை எடுத்து இடுப்பில் கட்டினான். செருப்பை உதறினான். “யம்மா, கொட்டகைக்குள்ள போ” என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறினான்.

நான் போகவில்லை. மழை கொட்டத் தொடங்கியது. நனைந்த கயிறு இன்னும் இறுகும், அதைப் பற்றிப் பயமில்லை. நனைந்த கம்புதான் காலை வாரும். பட்டை உரித்த சவுக்கில் தண்ணீர் பட்டால் எண்ணெய் தடவியதுபோல ஆகிவிடும். மேலே ஒருவர், ஏறுகிறவன் ஒருவன். சாமியைக் கூப்பிட்டால் யாருக்காக முதலில் கூப்பிடுவது என்று தெரியவில்லை. அதனால் கூப்பிடாமலே நின்றேன். அழவும் இல்லை. ஆலைக்காரர்கள் பார்க்க, சாரக்காரர் வீட்டுப் பெண்பிள்ளை அழுதாள் என்று ஆகக் கூடாது.

வெளுப்புக் கூடத்திலிருந்து பெண்கள் வெளியே வந்தார்கள். பேண்டேஜ் துணியைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு, வெள்ளை வெள்ளையாக வந்து நின்றார்கள். அவர்களில் ஒருத்தி என் பக்கத்தில் வந்து, “ஏமாயிந்தம்மா, என்ன ஆச்சு?” என்று கேட்டாள். அந்த ஊரில் தெலுங்கும் தமிழும் ஒரே மூச்சில் வரும். சொன்னேன். எனக்குக் கண் தெரியவில்லை, நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நாலாவது தட்டுல நிக்கிறாரும்மா. சுத்திப் பாக்கிறாரு.”

“பொறவு?”

“அடுத்த தட்டுக்கு ஏறுறாரு.”

அப்புறம் என்ன என்று கையை அழுத்தினேன்.

“பெல்ட்டுக் கொக்கிய மாட்டலையேம்மா. பின்னால தொங்குது.”

ஒவ்வொரு தட்டிலும் கொக்கியைக் கயிற்றில் மாட்ட வேண்டும். மாட்டிக் கழற்றி மாட்டிக் கழற்றித்தான் ஏற வேண்டும். அதற்கு நேரம் ஆகும். அந்த நேரம் அவனுக்கு இல்லை. நாற்பது வயது, வீட்டில் இரண்டு பிள்ளைகள். கொக்கி பின்னால் வால்மாதிரி ஆடிக்கொண்டிருக்க, என் மகன் வழுக்குகிற கம்பில் ஏறிக்கொண்டிருக்கிறான்.

அப்போதுதான் பின்வாசல் பக்கமிருந்து யாரோ சேற்றில் சளக் சளக் என்று ஓடி வருகிற சத்தம் கேட்டது. வந்து என் பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். எனக்குக் கண்தான் தெரியாது, மூச்சு தெரியாதா? இஞ்சி டீ வாசனை வந்தது.

“மேல யாரு? எம் பிள்ளையா?” என்று கேட்டார்.

திரும்பி அவருடைய கையைத் தொட்டுப் பார்த்தேன், ஆள்தானா என்று. ஆள்தான். ஒரு பாரம் இறங்கியது. இறங்கின வேகத்தில் இன்னொரு பாரம் இரண்டு மடங்காக ஏறியது. அப்படியானால் மேலே மகன் யாரைத் தேடுகிறான்?

அவர் ஒரு கல்லை எடுத்துக்கொண்டு அடிக்கம்புக்கு ஓடினார். இரண்டு வேகமாக, ஒன்று நிதானமாகத் தட்டினார். நான் கீழே இருக்கிறேன் என்று அதற்கு அர்த்தம். எனக்கு நெஞ்சு நிதானப்பட்டது. அந்தத் தட்டு மகனுக்கும் தெரியும், பிறந்ததிலிருந்து தெரியும்.

“என்னம்மா இது,” என்றாள் அந்தப் பெண். “இன்னும் வேகமா ஏறுறாரே.”

அவருடைய கை கல்லோடு அப்படியே நின்றுவிட்டது. எனக்கும் அப்போதுதான் விளங்கியது. கம்பு பேசும், ஆனால் மேலிருந்து பேசுகிறதா கீழிருந்து பேசுகிறதா என்று சொல்லாது. அப்பாவைத் தேடிப் போகிறவனுடைய கையில் அப்பாவின் தட்டு வந்து விழுந்தால் அவன் என்ன நினைப்பான்? மேலே உயிரோடு இருக்கிறார், கூப்பிடுகிறார் என்றுதானே?

“நான் மேல இருந்து தட்டுதேன்னு நெனைச்சிட்டான் பிள்ள,” என்றார். கல் கையிலிருந்து தானாகச் சேற்றில் விழுந்தது. இன்னொரு தடவை தட்டினால் இன்னொரு தட்டு ஏறுவான்.

கூப்பிட வேண்டியதுதான் என்றேன். கூப்பிடக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தார், அவ்வளவுதான். கொட்டகையில் நின்ற பையன்களில் ஒருவன் வாயில் கையைக் குவித்துக்கொண்டு அலறுவதற்குத் தயாரானான். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அலறினால் பதறுவான். அடியில் நின்று கூப்பிட்டால் குனிந்து பார்ப்பான். அவருடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முற்றத்தின் நடுவுக்குப் போனேன். தள்ளி நின்றால் தலையைத் திருப்பினாலே போதும், கண்ணில் படுவோம். அந்தப் பெண்ணும் கூடவே வந்தாள்.

எப்படிக் கூப்பிடுவது? சின்னதில் அவன் தெருக்கோடியில் விளையாடிக்கொண்டிருப்பான். சோறு வடித்ததும் வாசலில் நின்று ஒரு இழுப்பு இழுப்பேன். அதில் அவசரம் இருக்காது, கோபம் இருக்காது. வந்தால் சோறு, வராவிட்டாலும் சோறு இருக்கும் என்கிற மாதிரி ஒரு குரல். அந்தக் குரலை எடுத்தேன்.

“எய்யா... அப்பா இங்கதாம்யா நிக்காவ... மெதுவா வாய்யா...”

காற்று கொண்டு போய்விட்டது. இடி ஓயும்வரை பொறுத்து மறுபடி இழுத்தேன். அதே குரலில்தான். குரலை உயர்த்த வேண்டும் என்று தொண்டை கெஞ்சியது, விடவில்லை. மூன்றாவது தடவை கூப்பிட்டதும் அந்தப் பெண்ணுடைய கை என் கையில் இறுகியது.

“நின்னுட்டாரும்மா.”

நான் அவள் பக்கம் காதைக் கொடுத்தேன்.

“தலையத் திருப்புறாரு. நம்ம பக்கந்தான் பாக்கிறாரு.”

பக்கத்தில் நின்றவர் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார். தேர் வருகையில் கும்பிடுவதுபோலத் தூக்கி அப்படியே நின்றார், மழை முகத்தில் அடிக்க. மேலே இருக்கிறவனுக்குத் தன்னை முழுசாகக் காட்டினார்.

“அப்பாடி, கொக்கிய எடுக்கிறாரும்மா,” என்றாள். “மாட்டிட்டாரு. மாட்டிட்டாரும்மா.”

அப்போதுதான் நான் மூச்சு விட்டேன். அதற்கு முன்னால் விட்ட மூச்சு எந்தக் கணக்கிலும் சேராது. அதற்கப்புறம் அவன் இறங்கிய இறக்கம் என்ன இறக்கம். கொக்கியைக் கழற்றி, மாட்டி, கால் வைத்து, தடவிப் பார்த்து, மறுபடி கழற்றி. அந்தப் பெண் ஒவ்வொரு தட்டுக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள். எவ்வளவு நேரமானாலும் ஆகட்டும் என்று இருந்தது. இவ்வளவு மெதுவாக ஒருவன் வேலை செய்வதைப் பார்த்து நான் அதுவரை சந்தோஷப்பட்டதே இல்லை.

தரையில் கால் வைத்தான். செருப்பை மாட்டினான். நேராக அப்பாவிடம் வந்தான். உள்ளங்கையெல்லாம் கயிறு இழுத்துச் சிவந்திருந்தது.

“எங்க போனீங்க?”

“டீ குடிக்க.”

“செருப்ப விட்டுட்டா?”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். பையன்கள் கொட்டகையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஒங்கம்மா பஸ்ஸ விட்டு எறங்கி வாரத மேல இருந்து பாத்தேன்,” என்றார்.

“அதுக்கு?”

“அதுக்குத்தான்.”

அதற்கப்புறம் துண்டு துண்டாகச் சொன்னார். ஏழாம் தட்டிலிருந்து பார்த்தால் சாலை முழுதும் தெரியுமாம். புளிய மரத்தடியில் நான் இடுப்பில் கைவைத்து நின்ற விதத்திலேயே ஆள் யார் என்று தெரிந்துவிட்டதாம். வந்து நிற்பேன் என்று சொன்னவள் வந்தேவிட்டாள் என்று கைகால் ஓடவில்லையாம். முன்பக்கம் இறங்கினால் மாட்டிக்கொள்வோம் என்று பின்பக்கமாகவே இறங்கி, பாய்லர் வழியாகப் பின்வாசலுக்குப் போய், டீக்கடையில் காலையிலிருந்து உட்கார்ந்திருப்பவரைப்போல உட்கார்ந்துவிட்டாராம். செருப்பு முன்பக்கம் கிடப்பது டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்திருக்கிறது. அதை எடுக்க வந்தால் நான் நிற்பேன். நான் போனதும் எடுத்துக்கொள்ளலாம் என்று இன்னொரு டீ சொல்லியிருக்கிறார். மழையில் சாரத்தில் ஆள் ஏறுவதைக் கண்டுதான் ஓடி வந்தாராம்.

முதலில் ஒரு பையன் சிரித்தான். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். முக்காடு போட்ட பெண்கள் தெலுங்கில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். என் கையைப் பிடித்திருந்தவள், “எங்க வீட்டுக்காரருக்கு இப்படி ஒரு பயம் இல்லையேம்மா” என்றாள். நனைந்த மணல் மூட்டைமேல் உட்கார்ந்தேன்.

“இடிக்குப் பயப்படல, ஒசரத்துக்குப் பயப்படல,” என்றேன். “எனக்குப் பயந்து எழுவது வயசுல வெறுங்கால்ல ஓடிருக்கீக.”

“எறங்கும்போது ஒரு கிறுகிறுப்பும் இல்ல பிள்ள,” என்றார். அதைச் சொல்லிக்கொள்கிற நேரமா அது.

மகன் மட்டும் சிரிக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகப் போகிற பஸ்ஸில் எங்களுக்கு ஒரே வரிசையில் இடம் கிடைத்தது. நான் ஜன்னலோரம், அவன் நடுவில், அவர் ஓரம். பஸ் கிளம்பியதும் நேரே பார்த்துக்கொண்டு சொன்னான்.

“நீங்க ரெண்டு பேரும் ஒளிஞ்சு வெளையாடுங்க. நடுவுல நான் சாகணுமா?”

கண்டக்டர் டிக்கெட்டுக் கொடுத்துவிட்டு முன்னால் போனார். எங்கள் வீட்டுக்காரர்தான் தொண்டையைச் செருமினார்.

“கீழ நின்னு பாக்கிறது கஷ்டமாத்தான் இருக்கு,” என்றார். “இம்புட்டு நாளும் தெரியல.”

நானும் ஒன்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது. இனிமேல் ஏறுவதானால் ஏறுகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டு ஏறுங்கள், நான் வந்து நிற்க மாட்டேன் என்றேன். இனி ஏறுகிறதாக இல்லை என்றார். ஏறுகிறதாக இருந்தால் சொல்லுங்கள் என்றேன். சரி என்றார். குழம்புச் சட்டி எதுவும் இல்லாமலே சொன்னார். மகன் இரண்டு பக்கமும் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சாய்ந்துகொண்டான். அவனுடைய கையை எடுத்து என் மடியில் வைத்து, முந்தானையால் துடைத்தேன். நாற்பது வயது ஆண்பிள்ளை, பஸ்ஸில் பத்துப் பேர் பார்க்க, கையை இழுத்துக்கொள்ளவில்லை.

நான் பஸ்ஸில் தூங்குகிறவள் இல்லை. நாங்கள் மூன்று பேர் போனால் இருவர் தூங்குவார்கள், நான் முழித்திருந்து இறக்கிவிடுவேன். அதுதான் எங்கள் வீட்டு ஏற்பாடு. அன்றைக்கு ஈரச்சேலையோடு, ஜன்னல் கம்பியில் தலையை வைத்தது மட்டும்தான் நினைவிருக்கிறது. யாரோ தோளைத் தட்டினார்கள்.

“ஆச்சி, நீங்க எங்க எறங்கணும்? கிருஷ்ணன்கோவில் வந்தாச்சு.”

பார்த்தால் கண்டக்டர். எங்கள் ஊரைத் தாண்டி அடுத்த ஊருக்கு வந்துவிட்டிருந்தோம். பக்கத்தில் மகன் என் தோளில் தலையைப் போட்டு, அவர் மகன் தோளில் தலையைப் போட்டு, சரிந்த நெல்மூட்டைகளைப்போலத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் தொண்டை கிழியக் கத்தினேன், மூன்று பேரில் ஒருத்தருமா எழுந்திருக்க மாட்டீர்கள் என்று கண்டக்டர் சத்தம் போட்டார். நியாயந்தான். இருவரையும் எழுப்பி, மூன்று பேருமாக இறங்கினோம்.

மழை விட்டிருந்தது. கல்லூரிப் பிள்ளைகள் பஸ்ஸுக்காகக் கூட்டங்கூட்டமாக நின்றார்கள். பை ஒன்று, போன் ஒன்று, ஓயாத பேச்சு. அதற்கு நடுவே சுண்ணாம்பும் சேறுமாக நாங்கள் மூன்று பேர். ஒரு கடையில் உளுந்த வடை போட்டுக்கொண்டிருந்தார்கள். வாசனை வந்த பிறகுதான் மத்தியானத்திலிருந்து வயிற்றில் ஒன்றுமில்லை என்று மூன்று பேருக்கும் நினைவு வந்தது.

தின்றுகொண்டிருக்கும்போது மருமகள் போன் பண்ணினாள். எங்கே இருக்கிறீர்கள், இன்னும் காணோமே என்று கேட்டிருக்கிறாள். மகன் வாயில் வடையோடு, கிருஷ்ணன்கோவில் என்றான். அங்கே என்ன வேலை என்று அவள் கேட்டது எனக்கே கேட்டது. அவன் அப்பாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அன்றைக்கு முதல் தடவையாக அவனுக்குச் சிரிப்பு வந்தது.

“தூங்கிட்டோம்,” என்றான். “மூணு பேருமே தூங்கிட்டோம்.”

அவள் நம்பவில்லைபோலிருக்கிறது. நான் கடைக்காரரிடம் இன்னும் மூன்று வடை வைக்கச் சொன்னேன்.